வாசித்து முடித்தவருக்கு ஓர் ஓலைப்பெட்டி

குளத்தூர், விளாத்திகுளம், வேம்பார் வட்டாரத்தில் கோயில் கொடை நடக்கும் இரவுகளில் நையாண்டி மேளம் விடிய விடிய ஒலிக்கும். வில்லுப்பாட்டுக் குழு ஒரு கதையை எடுத்தால் முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவருக்கு, நாகஸ்வரக்காரருக்கோ தவில்காரருக்கோ உடுக்கை அடித்தவருக்கோ ஏதாவது கொடுத்தால்தான் மனசு ஆறும். பெரும்பாலும் அந்த ஆசை கடைசி நேரத்தில் கடையில் வாங்கும் ஒரு பொன்னாடையில் முடிந்துபோகிறது. அந்தக் கலைஞரின் வீட்டில் பிரிக்காத பொன்னாடைகள் ஏற்கனவே அடுக்கிக் கிடக்கும்.

நம் கையாலேயே செய்து கொடுக்கக்கூடிய தின்பண்டங்களையும் பொருள்களையும் இந்த அத்தியாயம் சொல்கிறது. பெரும்பாலும் கரிசல் காட்டில் கிடைப்பதை வைத்துச் செய்பவை. எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்: கொடுப்பவரின் ஆசையைவிட, வாங்குபவரின் உடம்புக்கும் வேலைக்கும் பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

இந்த மண்ணின் ரசிகர்கள்

வானம் பார்த்த பூமி என்றாலும் இசைக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில்தான் மறைந்தார். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904இல் அந்த ஊரிலிருந்தே வெளிக்கொண்டுவந்தார். ராக ஆலாபனைக்குப் பேர்போன விளாத்திகுளம் சுவாமிகள் இந்த வட்டாரத்துக்காரர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான காருக்குறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் குடியிருந்தவர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து ஒலித்த அவருடைய நாகஸ்வரத்தை 1962இலிருந்து தமிழ்நாடு கேட்டுக்கொண்டிருக்கிறது.

இவர்களுக்கு வாய்த்த ரசிகர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. இடைசெவல் தந்த எழுத்தாளர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் விளாத்திகுளம் சுவாமிகளின் இசையில் ஊறியவர்கள். சமஸ்தானம் ஊரும் பொன்னும் கொடுத்திருக்கலாம். சம்சாரி வீட்டு ரசிகர் தன் காட்டில் விளைந்ததைத்தான் கொடுக்க முடியும். அந்தக் கம்பையும் கடலையையும் பனையோலையையும்தான் நாம் இங்கே கையில் எடுக்கப்போகிறோம்.

செய்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

கலைஞரிடமே நேரில் கேட்கத் தயங்கினால் அவருடைய சீடரிடமோ, குழுவை ஏற்பாடு செய்தவரிடமோ நான்கு கேள்வி கேளுங்கள்.

1. சர்க்கரை நோய் உண்டா? கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கிறோம். கருப்பட்டியும் சர்க்கரைதான், இரத்தத்தில் அதுவும் ஏறும்.
2. நிலக்கடலை, கோதுமை, பால் பொருள்களில் ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா?
3. பல் எப்படி? வயதான கலைஞருக்குக் கடினமான மிட்டாய் தண்டனையாகிவிடும்.
4. குழுவில் எத்தனை பேர்? தாளம் போடுபவர், பெட்டி தூக்கும் பையன், வேன் ஓட்டுநர் வரை எண்ணிக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். மேடை ஏறுமுன் எந்தத் தின்பண்டத்தையும் நீட்டாதீர்கள். நாகஸ்வரக்காரருக்கு மூச்சுதான் முதல். வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது. பாடுபவரின் தொண்டையில் கடலைத் துணுக்கு ஒட்டினால் இரண்டு பாட்டுக்காவது தொந்தரவு. வாசிப்பு முடிந்தபின், ஊர் திரும்பும் பயணத்தில்தான் உங்கள் பெட்டிக்கு வேலை. அகாலத்தில் கடைகள் மூடியிருக்க, பசியோடு வேனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான்கு பிஸ்கட் பெரிய விஷயம்.

கம்பு – கருப்பட்டி பிஸ்கட்

மழையை நம்பி ஐப்பசியில் விதைத்த கம்பு தை, மாசியில் வீடு வரும். சித்திரைக் கொடைக்குப் புதுக் கம்பு கையில் இருக்கும். வேம்பார்ப் பக்கத்துப் பனங்காடுகளில் பதநீர் இறங்குவதும் அந்தக் கோடையில்தான். ஆக, இந்தப் பிஸ்கட்டுக்கு வேண்டிய இரண்டும் ஒரே பருவத்தில் கிடைக்கின்றன.

தேவையானவை (சுமார் 30 பிஸ்கட்டுக்கு):

- கம்பு மாவு – 150 கிராம்
- கோதுமை மாவு – 100 கிராம்
- கருப்பட்டி – 120 கிராம்
- நெய் – 100 கிராம்
- சுக்குப் பொடி – 1 தேக்கரண்டி
- ஏலக்காய்ப் பொடி – அரைத் தேக்கரண்டி
- பேக்கிங் பவுடர் – அரைத் தேக்கரண்டி
- உப்பு – ஒரு சிட்டிகை
- தண்ணீர் – 50 மில்லி

கம்பு மாவைக் கடையில் பொட்டலமாக வாங்க வேண்டாம். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்த சில நாள்களிலேயே மாவு காறிக் கசக்கத் தொடங்கும். கம்பைக் கழுவி, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் மில்லில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வறுத்தால் கசப்பு தள்ளிப்போகும், மணமும் கூடும். கம்பில் கோதுமைக்குள்ள இழுவைத்தன்மை இல்லை. தனிக் கம்பில் செய்தால் வேன் குலுக்கலில் பிஸ்கட் தூளாகிவிடும். கோதுமை மாவு சேர்ப்பது அதற்காகத்தான்.

செய்முறை:

1. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் போட்டுக் கரைய விடுங்கள். கருப்பட்டியில் மணலும் தூசியும் இருக்கும். மெல்லிய துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள். வடித்ததைத் தேன் பதத்துக்குச் சுண்டவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.
2. இரண்டு மாவையும் பேக்கிங் பவுடர், உப்பு, சுக்கு, ஏலக்காயோடு சேர்த்து ஒருமுறை சலியுங்கள்.
3. உறைந்த பதத்தில் இருக்கும் நெய்யை மாவில் விட்டு விரல் நுனியால் பிசறுங்கள். மாவு புட்டு மாவைப்போல் உதிரியாக வர வேண்டும்.
4. பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சேருங்கள். மாவு உருண்டு திரண்டதும் நிறுத்துங்கள். அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகும். மூடி 20 நிமிடம் வையுங்கள்.
5. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, டம்ளர் விளிம்பால் வெட்டுங்கள். முள்கரண்டியால் இரண்டு குத்து குத்தினால் உப்பாமல் வேகும்.
6. ஓவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம். இல்லாவிட்டால் கனமான அலுமினியச் சட்டியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிஸ்கட் அடுக்கிய தட்டை வளையத்தின் மேல் வைத்து, இறுக மூடி, சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம் விடுங்கள்.
7. வெந்ததும் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று திரும்ப அடுப்பில் வைக்காதீர்கள். ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். கருப்பட்டியின் நிறத்தால் கருகியது கண்ணுக்குத் தெரியாது; ஓரம் கறுக்கும் முன் மணத்தை வைத்தே இறக்குங்கள்.

முழுதும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

சர்க்கரை உள்ளவருக்கு: மிளகு – சீரகக் கம்பு பிஸ்கட்

மேலே சொன்ன மாவும் நெய்யும் அதே அளவு. கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் வேண்டாம். ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, கொஞ்சம் கறிவேப்பிலைப் பொடி சேர்த்து, கெட்டித் தயிர் 60 முதல் 80 மில்லி விட்டுத் திரட்டுங்கள். வேகவைப்பது அதே முறைதான். இனிப்பு இல்லை என்றாலும் இதில் மாவு இருக்கிறது. நான்குக்கு மேல் போக வேண்டாம் என்று சீட்டில் எழுதிவிடுங்கள். தயிர் சேர்வதால் நான்கு நாளுக்குள் தின்று முடிப்பது நல்லது. வறமிளகாய் விளையும் ஊரிலிருந்து காரம் கொடுக்கும் ஆசை வரும். பாடுபவருக்கும் ஊதுபவருக்கும் மிளகே போதும்.

கடலை மிட்டாய்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டு நாம் கொடுக்கக் கூடாது. நம் வீட்டுக் கடலை மிட்டாயாகவே கொடுக்கலாம். அதன் பதத்தை மட்டும் சரியாகப் பிடித்துவிட வேண்டும்.

நிலக்கடலைப் பருப்பு 400 கிராம், வெல்லம் 250 கிராம், தண்ணீர் 50 மில்லி. கடலையை நடுத்தரத் தீயில் பொறுமையாக வறுத்து, தோல் தேய்த்துப் புடைத்து, பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். சொத்தைக் கடலை ஒன்று இருந்தாலும் கசப்பு தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி மறுபடி கொதிக்கவிடுங்கள். ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் மடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் பதம் வரவில்லை; அந்தப் பாகில் செய்த மிட்டாய் பல்லில் ஒட்டும். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய பலகையில் ஊற்றி உருட்டுக்கட்டையால் பரப்பி, சூடு இருக்கும்போதே வெட்டுங்கள்.

குளத்தூர் கடலுக்குப் பக்கம். உப்புக் காற்று பட்டால் கடலை மிட்டாய் கசிந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக பட்டர் பேப்பரில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் அடைக்க வேண்டும்.

ஓலைப்பெட்டி

கலைஞர் தின்பண்டத்தை இரண்டு நாளில் தின்றுவிடுவார். பெட்டி வீட்டில் தங்கும். நாகஸ்வரக்காரருக்கு இதில் கூடுதல் பயன் உண்டு. நாகஸ்வரத்தின் நுனியில் செருகி ஊதும் சீவாளி நாணலால் ஆனது. வாயில் வைப்பதால் ஈரமாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஓலைப்பெட்டியில் காற்று ஓடும். சீவாளி நசுங்காமல் காயும்.

பனையேறுபவரிடம் சொல்லிவைத்துக் குருத்தோலை வாங்குங்கள். ஒரு மரத்திலிருந்து அளவோடுதான் குருத்து எடுப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஓலையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் வெளுக்கும். பிறகு ஈர்க்கை உரித்துவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குச் சீராகக் கிழித்துக்கொள்ளுங்கள். பின்னுவதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றிவைத்தால் ஒடியாமல் வளையும்.

15 சென்டிமீட்டர் சதுர அடியும், சுமார் 9 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டிக்கு:

1. 45 சென்டிமீட்டர் நீளத்தில் 20 ஓலை. பத்தை நெடுக்கே அடுக்கி, மீதிப் பத்தைக் குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே என்று நடுவில் நெருக்கமாகப் பின்னுங்கள். இதுதான் அடி.
2. நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஓலைகளை நிமிர்த்தி மடக்குங்கள். மொத்தம் 40 நிமிர்ந்த ஓலை இருக்கும்.
3. 70 சென்டிமீட்டர் நீளத்தில் ஆறு ஓலை. ஒவ்வொன்றாகச் சுற்றிப் பின்னி, முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிச் செருகுங்கள். நிமிர்ந்த ஓலைகள் இரட்டை எண்ணிக்கை என்பதால், ஒரே ஓலையை நிறுத்தாமல் சுற்றினால் பின்னல் மாறி வராது. ஒவ்வொரு சுற்றையும் தனி ஓலையில், முந்திய சுற்றுக்கு மாற்றாகத் தொடங்க வேண்டும்.
4. மேல் விளிம்புக்கு வந்ததும் மிச்ச நுனிகளை மடக்கி, உள்பக்கப் பின்னலுக்குள் செருகுங்கள். பசை வேண்டாம்.
5. மூடிக்கும் இதே முறை. ஓலையைக் கொஞ்சம் அகலமாகக் கிழித்து அடியை 16 சென்டிமீட்டராக்குங்கள். உயரத்துக்கு இரண்டு சுற்று போதும்.

சாயம் போட வேண்டுமானால் பின்னுமுன் ஓலையையே சாயத்தில் காய்ச்ச வேண்டும். சாயம் ஏற்றிய ஓலை தின்பண்டத்தில் படாமல் வெளிச்சுற்றில் மட்டும் வரட்டும். முடித்த பெட்டியை இன்னொரு நாள் நிழலில் உலர்த்துங்கள். உள்ளே ஈரம் நின்றால் கறுப்புப் புள்ளி விழும். காற்று ஓடும் பெட்டி என்பதால் பிஸ்கட்டை நேராக வைத்தால் நமுத்துப்போகும். டப்பாவிலோ இறுக ஒட்டிய உறையிலோ அடைத்துத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

முதல் பெட்டி கோணலாக வந்தால் உள்ளூரில் பெட்டி முடையும் பெண்களிடம் ஒரு மதியம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுத்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். செய்ய நேரமே இல்லை என்றால் அவர்களிடமே விலை கொடுத்து வாங்கலாம்; உங்கள் கைவேலை உள்ளே இருக்கும் பிஸ்கட்டாக இருக்கட்டும்.

துண்டும் உறையும்

தவில்காரருக்கு மிகவும் பயன்படுவது வியர்வை துடைக்கும் பருத்தித் துண்டு. ஒரு கையில் குச்சி, மறுகை விரல்களில் கூடு. கிடைக்கும் இடைவெளியில் ஒரே இழுப்பில் துடைத்தாக வேண்டும். புதுத் துண்டில் கஞ்சி இருக்கும், வியர்வையை இழுக்காது. இரண்டு முறை அலசிக் காயவைத்து, ஓரம் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் அவர் பெயரின் முதல் எழுத்தை நூலால் போடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்துப் பார்த்து, சாயம் போகாத நூலாகத் தேர்ந்தெடுங்கள்.

நாகஸ்வரத்துக்கு உறை தைப்பவர் அளவு கேட்காமல் தைக்கக் கூடாது. பாரி நாகஸ்வரம் ஏறக்குறைய மூன்றடி இருக்கும். திமிரி அதைவிடக் குட்டை. நீளம், அடியில் விரிந்திருக்கும் அணசின் விட்டம் இரண்டையும் சீடரிடம் கேட்டு, அதற்குமேல் இரண்டு விரற்கடை விடுங்கள். வெளியே காடாத் துணி, உள்ளே மெல்லிய பருத்தி. இரண்டையும் முன்பே நனைத்துக் காயவைத்தால் பிறகு சுருங்காது. வாயில் சுருக்குக் கயிறு போதும். இரும்புக் கொக்கி மரத்தைக் கீறும்.

சீவாளி, தவில் குச்சி, தோல் போன்றவற்றை நீங்களாகத் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொருவரும் தம் மூச்சுக்கும் கைக்கும் ஏற்றதைப் பழக்கி வைத்திருப்பார்கள்.

உள்ளே ஒரு கடிதம்

பெட்டிக்குள் அரைப் பக்கக் கடிதம் வையுங்கள். ‘அற்புதம், அபாரம்’ என்று எழுதினால் அது பொன்னாடையோடு சேர்ந்துவிடும். எந்த ஊர்க் கொடையில் கேட்டீர்கள், எந்த இடத்தில் அசந்துபோனீர்கள் என்று எழுதுங்கள். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் சாமி அழைப்புக்கு முன் வாசித்தது, கரகம் இறங்கும்போது வாசித்தது என்று இடத்தைச் சொன்னால் போதும், அவருக்குப் புரியும். வில்லுப்பாட்டுக்காரருக்குக் கதையின் எந்தக் கட்டத்தில் கூட்டம் அமைதியானது என்று எழுதுங்கள். மேடையில் இருப்பவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

தனிச் சீட்டில் தின்பண்டத்தின் பெயர், அதில் சேர்த்தவை, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் தின்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

கொடுக்கும் முறை

குழுவில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெட்டி. நாகஸ்வர வித்துவானுக்கு மேடையில் ஒன்று, பம்பையும் உருமியும் அடித்தவர்களுக்குப் பந்தலுக்கு வெளியே ஒரு பொட்டலம் என்று பிரிக்கக் கூடாது. சாதியை வைத்துப் பறை, உருமிக் கலைஞர்களைத் தள்ளி நிறுத்திய பழக்கம் நம் ஊர்களில் இருந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. அவர்களையும் பெயர் சொல்லி அழைத்து, இரண்டு கையாலும் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் பார்க்கும் இடத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.

பெரிய சபாக்களில் வாசிப்பவர்களிடமும் சினிமாக் கலைஞர்களிடமும் நிலைமை வேறு. முன்பின் தெரியாதவர் கொடுத்த உணவைச் சாப்பிடாமல் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. அதில் நாம் வருந்த ஒன்றுமில்லை. அவர்களுக்குத் துண்டும் பெட்டியும் கடிதமும் போதும். உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு வழிவிடுங்கள். படம் எடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள்.

நாள் கணக்கு

- 15 நாளுக்கு முன்: குழுவின் எண்ணிக்கை, உணவு விவரம், உறைக்கான அளவு விசாரித்தல், குருத்தோலைக்குச் சொல்லுதல்.
- 10 நாளுக்கு முன்: ஓலை காயவைத்தல், துண்டு அலசித் தைத்தல்.
- 6 நாளுக்கு முன்: பெட்டி முடைதல், உலர்த்துதல்.
- 3 நாளுக்கு முன்: கம்பு வறுத்து அரைத்தல், கடலை மிட்டாய் செய்தல்.
- 2 நாளுக்கு முன்: பிஸ்கட் சுடுதல். எட்டுப் பேர் குழுவுக்கு இரண்டு மடங்கு அளவு வேண்டும்.
- முதல் நாள்: கடிதம், சீட்டு, அடைத்தல்.
- கொடை அன்று: பேசிய சம்பளம் குழுவுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று விழாக் குழுவிடம் கேட்டல்.

இந்தக் கடைசி வரியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். கொடை முடிந்து, வரி வசூல் குறைந்துவிட்டது என்று மேளக்காரரின் கூலியில் கைவைக்கும் இடங்கள் உண்டு. கூலி பாக்கி இருக்கும் கையில் பிஸ்கட் பெட்டியை வைப்பது மரியாதை ஆகாது. முதலில் சம்பளம், வெற்றிலை பாக்கோடு. பிறகு வயிறாரச் சாப்பாடு. அதற்கும் பிறகுதான் நம் பெட்டி. இந்த வரிசை சரியாக இருந்தால், பிஸ்கட் கொஞ்சம் கூடச் சிவந்திருந்தாலும் பெட்டி கோணலாக இருந்தாலும் கவலை இல்லை.